பின்னால் வரும் டிரெய்லர் ஆடுவது ஏன்? – வாகன வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒற்றை ஆக்ஸில் கொண்ட கேரவன் டிரெய்லர் ஒன்றை வாங்கி, எங்கள் இரட்டை கேபின் பிக்கப்பில் இணைத்துக் குடும்பத்தோடு பயணம் செய்து வருகிறோம். டிரெய்லரின் வெறும் எடை 950 கிலோ. சாமான்களும் தண்ணீரும் சேர்ந்தால் 1,250 கிலோ வரும். பின்சுவரை ஒட்டி 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும், சுவருக்கு வெளியே ஸ்டெப்னியும் இருக்கின்றன. மேட்டூர் செல்வதற்காகத் தர்மபுரியைத் தாண்டித் தொப்பூர் நோக்கிப் போகும்போது, 70 கி.மீ. வேகத்திலேயே, ஓர் ஆம்னி பஸ் முந்திச் சென்றால் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கிறது. இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பும்போது இந்த ஆட்டம் பெரிதாகத் தெரிவதில்லை. வரும்போது சாலை ஏற்றமாக இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறோம். பட்டறையில் பிக்கப்பின் பின்பக்க ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்க்கச் சொல்கிறார்கள். டயர் கடையில் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். டிரெய்லரின் பின்பக்கம் கொஞ்சம் பாரம் ஏற்றினால் அது ‘உட்கார்ந்து’ ஓடும் என்கிறார் உறவினர் ஒருவர். எதை முதலில் செய்வது?
– வாசகர், பர்கூர்

பதில்: மூன்றையுமே இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உறவினர் சொன்னதை மட்டும் எப்போதுமே செய்து பார்க்காதீர்கள். டிரெய்லரின் பின்பக்கம் பாரம் கூடுவதுதான் இத்தகைய ஆட்டத்துக்கு முதற்காரணம்.

விடைக்கான தடயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போகும்போது ஆடுகிறது, திரும்பும்போது ஆடவில்லை என்கிறீர்கள். சாலையின் ஏற்ற இறக்கத்துக்கு இதில் பங்கு உண்டு என்பது உண்மையே. ஏற்றத்தில் பிக்கப் டிரெய்லரை இழுத்துப் பிடித்துக்கொண்டே போகிறது. இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆனால் இரண்டு பயணங்களுக்கும் இடையில் மாறியது சாலை மட்டுமா? வீட்டிலிருந்து புறப்படும்போது தொட்டி நிரம்பியிருந்திருக்கும். இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பும்போது பெரும்பாலும் காலியாகியிருக்கும். பின்சுவரை ஒட்டியிருந்த 100 கிலோ இல்லாமல்தான் நீங்கள் வீடு திரும்பியிருக்கிறீர்கள். என் ஊகத்தில் முதல் சந்தேகம் இந்தத் தொட்டியின் மேல்தான்.

மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குபவர்கள் நுகத்தடியின் பக்கம் பாரம் சற்றுக் கூடுதலாக விழும்படி பார்த்துக்கொள்வார்கள்; பின்பாரம் ஆகிவிட்டால் வண்டி மாட்டைத் தூக்கிவிடும். ஒற்றை ஆக்ஸில் டிரெய்லரும் இதே கணக்கில்தான் நிற்கிறது. டிரெய்லரின் மூக்கு, பிக்கப்பின் இணைப்புக் குண்டின் மேல் எத்தனை கிலோ அழுத்துகிறதோ அதுவே முன்பாரம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது, இவ்வகை டிரெய்லர்கள் மிகுதியாக ஓடும் அமெரிக்காவில் பின்பற்றப்படும் அளவு. உங்கள் 1,250 கிலோவுக்கு 125 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இனி தொட்டியின் கணக்கைப் பாருங்கள். இணைப்புக் குண்டிலிருந்து ஆக்ஸில் வரை 3 மீட்டர் தூரமும், ஆக்ஸிலிலிருந்து தொட்டியின் நடுப்பகுதி வரை 1.5 மீட்டர் தூரமும் இருந்தால், தொட்டியில் நிரம்பும் 100 கிலோ தண்ணீர் முன்பாரத்திலிருந்து 50 கிலோவைத் தூக்கிவிடுகிறது. தொட்டி காலியாக இருக்கையில் முன்பாரம் 110 கிலோ என்றால், நிரப்பியதும் அது 60 கிலோவாகிவிடும். அதாவது மொத்த எடை கூடுகிறது, முன்பாரமோ 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது. ஸ்டெப்னி தன் பங்குக்கு இன்னும் பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கும்.

ஆகவே காசு செலவழிக்கும் முன் எடை போடுங்கள். கிரானைட் லாரிகளுக்காகவும் மாங்கூழ் ஆலைகளுக்கு வரும் லோடுகளுக்காகவும் உங்கள் பகுதியில் எடைமேடைகளுக்குக் குறைவில்லை. பயணத்துக்குப் புறப்படுவது போலவே ஆட்கள், டீசல், சாமான்கள், தண்ணீர் எல்லாவற்றோடும் செல்லுங்கள். முதலில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுப் பிக்கப்பை மட்டும் மேடையில் ஏற்றி எடை பாருங்கள். பிறகு டிரெய்லரை இணைத்து, பிக்கப்பின் நான்கு சக்கரங்கள் மட்டும் மேடையிலும் டிரெய்லரின் சக்கரங்கள் மேடைக்கு வெளியே தரையிலும் நிற்குமாறு நிறுத்தி மீண்டும் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே முன்பாரம். மூன்றாவதாக முழு வண்டியையும் ஏற்றி எடை பார்த்து, அதிலிருந்து முதல் எடையைக் கழித்தால் டிரெய்லரின் மொத்த எடை கிடைக்கும். இதே வரிசையைத் தொட்டியைக் காலி செய்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள்.

பெரிய எடைமேடைகள் பத்து அல்லது இருபது கிலோ படிகளில்தான் எடை காட்டும் என்பதால், முன்பாரத்தைத் துல்லியமாக அறிய வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ஐந்தடி நீளமுள்ள கெட்டியான மரச்சட்டம் ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனைப் பக்கத்தைத் தரையில் கிடத்திய இரும்புக் குழாயின் மேலும், மறுமுனைப் பக்கத்தைக் குளியலறையில் ஆள் எடை பார்க்கும் மெஷினின் மேலும் வையுங்கள். சட்டம் தரைக்கு இணையாக இருக்கும்படி குழாய்க்கு அடியில் பலகை கொடுங்கள். இப்போது மெஷின் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது சட்டத்தின் பாரம். டிரெய்லரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, குழாயிலிருந்து சரியாக ஓர் அடி தூரத்தில், மெஷினிலிருந்து மூன்றடி தூரத்தில் மூக்கு சட்டத்தின் மேல் இறங்கும்படி வையுங்கள். கூடுதலாகக் காட்டும் எடையை 4 ஆல் பெருக்கினால் முன்பாரம் வந்துவிடும். ஓடும்போது இருக்கும் உயரத்திலேயே மூக்கு இருக்க வேண்டும். உயரம் மாறினால் எண்ணும் மாறும்.

முன்பாரம் குறைவு என்று தெரிந்துவிட்டால் முன்பக்கம் இரண்டு மூட்டைகளை வைத்துச் சரிசெய்யத் தோன்றும். எண்ணளவில் அது சரியாகிவிடும். ஓட்டத்தில் முழுமையாகச் சரியாகாது. இரு முனைகளிலும் பாரம் வைத்த டிரெய்லர் ஒருமுறை திரும்பத் தொடங்கினால் அதை நிறுத்துவது கடினம். பாரம் ஆக்ஸிலை ஒட்டி, தாழ்வாக, சற்று முன்னால் இருப்பதே நல்லது. ஆகவே தொட்டியை ஆக்ஸிலின் மேல் வரும்படி இடம் மாற்றுங்கள். அதுவரை காலியாகவே ஓட்டிப் போய், சேருமிடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியைப் பின்சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். கேஸ் சிலிண்டர், பேட்டரி, அரிசி மூட்டை போன்ற கனமான பொருள்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. குண்டைத் தாங்கிப் பிக்கப்போடு பொருத்தியிருக்கும் அமைப்பான ஹிட்சில் உள்ள தகட்டில் அது தாங்கக்கூடிய செங்குத்துப் பாரம் பொறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பிய முறையில் செய்யப்பட்ட ஹிட்சுகளில் இது 75 அல்லது 100 கிலோவாகக்கூட இருக்கலாம். 10 விழுக்காடு வேண்டும் என்பதற்காக அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவில் முன்பாரம் இதைவிடக் குறைவாக வைத்தே கேரவன்களை இழுக்கிறார்கள். ஆனால் அங்கே வேகமும் கட்டுக்குள் இருக்கிறது. ஜெர்மனியின் விரைவுச்சாலைகளில்கூட டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குப் பொதுவான எல்லை மணிக்கு 80 கி.மீ. தான். உங்கள் ஹிட்ச் 100 கிலோதான் தாங்கும் என்றால், டிரெய்லரின் மொத்த எடையைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து ஓட்டுவதே வழி. பட்டறையில் பம்பரில் வெல்டிங் வைத்துப் பொருத்திய ஹிட்சாக இருந்து, அதில் தகடே இல்லையென்றால், அதை நம்பிக் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

பட்டறை யோசனைக்கு வருவோம். பட்டை சேர்த்தால் பிக்கப்பின் பின்பக்கம் உயரும். அதனோடு இணைப்புக் குண்டும் உயர்ந்து, டிரெய்லரின் மூக்கு மேல்நோக்கி நிற்கும். அப்படி நிற்பது முன்பாரத்தை இன்னும் குறைக்கும். சமதளத்தில் நிறுத்தி, டிரெய்லரின் சேஸ் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாகவோ, முன்பக்கம் இம்மியளவு தாழ்ந்தோ இருக்க வேண்டும். டயரில் காற்றைக் குறைப்பதும் தவறு. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் பக்கவாட்டில் நெளியும். ஒவ்வொரு நெளிவும் டிரெய்லருக்கு ஓர் உதை. பிக்கப்பின் டயர்களில், டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டையில் முழுப் பாரத்துக்கென்று குறித்திருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் நிரப்புங்கள்.

எடை சரியாக இருந்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றால்தான் இயந்திரப் பழுதுகளைத் தேட வேண்டும். டிரெய்லரின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங் தளர்வு கையிலேயே தெரியும். குண்டின் நடுவிலிருந்து ஆக்ஸிலின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் ஆக்ஸில் கோணலாக நிற்கிறது என்று பொருள். 50 மி.மீ. குண்டு தேய்ந்து 49 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது நோய், எது மருந்து என்று கடைசிவரை தெரியாது.

சோதனை ஓட்டத்துக்குத் தொப்பூர் இறக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் இடையே, காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில், 50 கி.மீ. வேகத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நீங்களாகவே ஸ்டியரிங்கை ஆட்டி ஆட்டத்தை வரவழைக்கக் கூடாது. ஒரு லாரி கடந்து போகும்போது டிரெய்லர் தானாக அசையும். பக்கக் கண்ணாடியில் அதைக் கவனியுங்கள். ஒன்றிரண்டு அசைவில் அடங்கிவிட்டால் நல்லது. நான்கைந்து முறை தொடர்ந்தால், உங்கள் வண்டியின் எல்லை வேகத்தை நெருங்கிவிட்டீர்கள். ஏனென்றால் வேகம் கூடக் கூட இந்த ஆட்டம் தானாக அடங்கும் தன்மை குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்துக்கு மேல் ஒவ்வொரு அசைவும் முந்தையதைவிடப் பெரிதாகும். பஸ்ஸின் காற்று உங்கள் ஆட்டத்துக்குக் காரணம் அல்ல. அது தூண்டுகோல் மட்டுமே. அடங்க வேண்டிய அசைவு அடங்காததே நோய்.

கேள்வி: எங்கள் டிரெய்லர் 1,500 கிலோ, அளந்து பார்த்ததில் முன்பாரம் 180 கிலோ. டிரெய்லர் ஆடுவதில்லை. ஆனால் இணைத்து ஓட்டும்போது ஸ்டியரிங் லேசாகி, வண்டி தடத்தில் நிற்காமல் அலைகிறது. இரவில் எதிரே வருபவர்கள் லைட்டைத் தாழ்த்தச் சொல்லி டிப் அடிக்கிறார்கள். இது எதனால்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: இது வேறு நோய். முந்தைய வாசகருக்கு டிரெய்லர் பிக்கப்பை ஆட்டுகிறது. உங்களுக்குப் பிக்கப்பே நிலைகொள்ளவில்லை. இரண்டையும் பிரித்தறியத் தெரியாமல் பணத்தைக் கொட்டுபவர்கள் பலர்.

குண்டு, பிக்கப்பின் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. அங்கே அழுத்தும் 180 கிலோ, பின் ஆக்ஸிலைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு முன்பக்கத்தைத் தூக்குகிறது. பின் ஆக்ஸிலிலிருந்து குண்டு வரை 1.2 மீட்டரும், இரு ஆக்ஸில்களுக்கும் இடையே 3.1 மீட்டரும் இருந்தால், முன் சக்கரங்களிலிருந்து ஏறத்தாழ 70 கிலோ குறைந்துவிடும். பின் ஆக்ஸிலில் 180 அல்ல, 250 கிலோ கூடும். போதாக்குறைக்குப் பிக்கப்பின் சரக்குத் தொட்டியில், பின்கதவை ஒட்டி ஜெனரேட்டர் போன்ற கனமான சாமான் ஏற்றியிருந்தால் அதுவும் பின்பக்கத்தையே அழுத்தும். திசை திருப்ப வேண்டிய சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்கவில்லை. முன்பக்கம் உயர்ந்ததால் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது.

இதையும் அளந்துவிடலாம். சமதளத்தில், முன் சக்கரத்தின் மையத்துக்கு நேர் மேலே உள்ள வளைவின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டிரெய்லர் இல்லாமல் ஒருமுறையும், இணைத்த பிறகு ஒருமுறையும் அளந்து பாருங்கள். எடைமேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி இரண்டு முறை எடை பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். முதலில் செய்ய வேண்டியது, சரக்குத் தொட்டியில் உள்ள சாமான்களை கேபினை ஒட்டி முன்னால் நகர்த்துவது. அதுவும் போதாவிட்டால், பாரத்தை முன் ஆக்ஸிலுக்குத் திருப்பி அனுப்பும் ஸ்பிரிங் கம்பிகள் கொண்ட ஹிட்ச் வகை ஒன்று இருக்கிறது. முன்பக்கம் உயர்ந்த அளவில் பாதியாவது மீண்டும் இறங்கும் அளவுக்கு அதை முறுக்க வேண்டும் என்பது பல பிக்கப் தயாரிப்பாளர்களின் அறிவுரை. ஆனால் எல்லா ஹிட்சும், எல்லா டிரெய்லர் சேஸும் இந்தக் கம்பிகளின் விசையைத் தாங்காது. உங்கள் வண்டியின் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். லைட் கூசுகிறது என்பதற்காக முன்பாரத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள். பாலக்கோட்டு நோய் போய் பர்கூர் நோய் வந்துவிடும்.

கேள்வி: டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஆக்ஸிலேட்டரை அழுத்தி வேகத்தைக் கூட்டினால் இழுபட்டு நேராகிவிடும் என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். சரியா?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: இல்லை. வேகம்தான் அந்த ஆட்டத்துக்குத் தீனி. ஒரு நொடி நேரானது போல் தோன்றினாலும், நீங்கள் முன்பைவிட அதிக வேகத்தில் இருப்பீர்கள். அடுத்த அசைவு அதற்கேற்பப் பெரிதாக வரும்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். ஸ்டியரிங்கை இரு கைகளாலும் நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் ஆடும் திசைக்கு எதிராகத் திருப்பாதீர்கள், ஏனெனில் மனிதக் கை எப்போதும் அரை நொடி தாமதமாகவே திரும்பும், அந்தத் தாமதம் ஆட்டத்துக்கு உதவியாக முடியும். பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. முன்னால் உள்ள வண்டி சட்டென்று வேகம் குறைய, பின்னால் உள்ளது தள்ளி மடங்கிவிடும். டிரெய்லருக்கு மின்சார பிரேக்கும் அதைக் கையால் தனியே இயக்கும் பொத்தானும் இருந்தால், அதை மட்டும் மெதுவாக அழுத்துங்கள். பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல டிரெய்லர் நேராகும். ஆட்டம் அடங்கியதும் ஓரமாக நிறுத்தி, பாரத்தையும் டயரையும், குண்டைக் கவ்வும் கப்ளரையும் பாருங்கள். காரணம் தெரியாமல் அதே வேகத்துக்குத் திரும்பாதீர்கள்.

தேசிய நெடுஞ்சாலை 44-இல் தர்மபுரியிலிருந்து சேலம் போகும் எல்லோருக்கும் இதில் ஒரு சொல் உண்டு. தொப்பூர் கணவாயில் நீண்ட இறக்கத்தின் நடுவில் வேகத்தைக் குறைக்க முயல்வது தாமதம். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். இரட்டைப் பாலம் பகுதி தாண்டும்வரை அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். டிரெய்லருக்கென்று பிரேக் இல்லாதவர்கள் இந்த இறக்கத்தில் அதை இழுத்துச் செல்வதை நான் ஏற்கமாட்டேன். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். நம் ஊரில் பட்டறையில் செய்து வாங்கும் டிரெய்லர்களில் முதலில் விடுபடுவதே அதுதான்.

கேள்வி: என் டிரெய்லரின் டயர்கள் பட்டன் தேயாமல் புதிதாக இருக்கின்றன, ஆனாலும் மாற்றச் சொல்கிறார்கள். தேவையா?
– வாசகர், ஓசூர்

பதில்: பட்டனைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றிருந்தால் அது 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. மாதக்கணக்கில் வெயிலில் ஒரே இடத்தில் நிற்கும் டிரெய்லரின் ரப்பர், ஓடித் தேய்வதற்கு முன்பே முதுமையால் வெடிப்பு விடும். பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தாலோ, ஆறேழு ஆண்டுகள் கடந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். இரண்டு டயர்களும் ஒரே அளவிலும் ஒரே வகையிலும் இருக்கட்டும். ஸ்டெப்னியின் தேதியையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.